கீலுக்கு விட்ட எண்ணெய்

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு அறுபதாவது வயதில் ஒரு கரண்ட் கிரில் கிடைத்தது. ஜன்னல் கிரில் இல்லை. மேஜைமேல் வைத்து, மூடியைத் தூக்கி, நடுவில் ரொட்டியையோ கோழித் துண்டையோ வைத்து, மூடி அழுத்திச் சுடுகிற கிரில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. சுவர்க்கடிகாரம் கொடுப்பதா, கிரில் கொடுப்பதா என்று ஓட்டெடுப்பு நடந்து, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கிரில் ஜெயித்ததாம். கடிகாரம் ஜெயித்திருந்தால் சுவரில் ஓர் ஆணி அடித்ததோடு என் வேலை முடிந்திருக்கும்.

அக்கா முப்பத்து நான்கு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை பார்த்தவர். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, துணியில் கட்டி, வெள்ளை நாடா ஒட்டி, அதன்மேல் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவது அவர் வேலை. அங்கே அவருக்குப் பெயர் சீல் அக்கா. நாடா பிரிந்த பொட்டலத்தைத் தானும் தொடமாட்டார், பிறரையும் தொட விடமாட்டார். ஒரு தடவை பெரிய டாக்டர் ஒருவர் அவசரத்தில் அப்படி ஒரு பொட்டலத்தைக் கேட்டாராம். அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு "தரமாட்டேன் சார்" என்றாராம். டாக்டர் கத்தியிருக்கிறார், அக்கா அசையவில்லை, கடைசியில் புதுப் பொட்டலம் வந்தது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் நாற்பது தடவையாவது கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே போகிறார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரமே கிடைக்கலம்மா" என்பார், ஏதோ பல் டாக்டரிடம் போக மறந்துவிட்ட மாதிரி. முதலில் ஹாஸ்டல், பிறகு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பையும் கிரில் பெட்டியுமாக எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். இன்னொன்றில் என் தையல் மெஷினும், ஜன்னல் திரைச்சீலை தைக்க வந்த துணிகளும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. ஆகவே அக்காவுக்கு ஹால் சோபா. என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர். அவருக்கு ஒரு சாக்ஸ் கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. உடனே ஹால் விளக்கைப் போடுவார். அக்கா கண்ணைத் திறந்து, "சோபாவுக்கு அடியில இருக்கு தம்பி" என்பார். இப்படித்தான் அவருடைய ஒவ்வொரு நாளும் தொடங்கியது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

முகம் சுளித்தது நான். ஏனென்றால், வந்த ஒரு வாரத்துக்குள் என் சமையலறை ஆஸ்பத்திரி அடித்தளமாகிவிட்டது.

"அழுக்கு ஒரு பக்கமா உள்ள வரணும், சுத்தம் இன்னொரு பக்கமா வெளிய போகணும். ரெண்டும் வழியில பார்த்துக்கவே கூடாதும்மா." இதுதான் அக்காவின் சட்டம். சாப்பிட்ட தட்டு பால்கனி வழியாக வர வேண்டும். கழுவிய தட்டு ஹால் வழியாகப் போக வேண்டும். நான் ஒரு டம்ளரை எதிர்த் திசையில் கொண்டுபோனால், ஒருவழிப் பாதையில் லாரி ஓட்டியவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். உப்பு டப்பாமேல் வெள்ளை நாடா. சர்க்கரை டப்பாமேல் வெள்ளை நாடா. தேதி, நேரம், கையெழுத்து. என் வீட்டுக்காரர் ஒரு நாள் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு ஒட்டி விடுக்கா, எப்ப கழுவினதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. நாடாச் சுருளைக் கையில் எடுத்தே விட்டார்.

கிரில் விஷயத்தில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. கூட வந்த சின்னப் புத்தகத்தில் 'தண்ணீரில் முக்கக் கூடாது' என்று போட்டிருந்தது. அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காம் தடவையும் படித்தார்.

"முக்காம எப்படிம்மா சுத்தமாகும்?"

"ஈரத்துணியால துடைச்சா போதும்னு போட்டிருக்கே அக்கா."

"துடைக்கிறதா! துடைச்சா அழுக்கு இடம் மாறும். போகாது."

இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்துவிட்டார். சுட்டு முடித்ததும் பிளக்கைப் பிடுங்குவார். கழுத்தில் தொங்குகிற டைமரில் எட்டு நிமிஷம் வைப்பார். தகடு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், சமையல் காகிதத்தை நான்காய் மடித்து, நனைத்துப் பிழிந்து, இரண்டு தகட்டுக்கும் நடுவில் வைத்து மூடுவார். உள்ளே ஆவி கட்டும். ஒட்டிக்கொண்டிருந்த சீஸும் கருகலும் அந்த ஆவியில் இளகிவிடும். பிறகு மர அகப்பையின் நுனியில் துணியைச் சுற்றி, தகட்டில் உள்ள வரிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக இழுப்பார். கொழுப்பு வடிகிற சின்னத் தட்டைத் தனியாக எடுத்து சோப்புப் போட்டுக் கழுவுவார். பழைய பல் துலக்கும் பிரஷால் ஓரங்களைத் தேய்ப்பார். கடைசியாக மூடியை அகலத் திறந்து காய வைப்பார். கீல் உள்ள எந்தச் சாமானையும் மூடி வைக்கக் கூடாதாம், கத்தரியானாலும் சரி, கிரில்லானாலும் சரி. எல்லாம் முடிந்ததும் கைப்பிடியில் நாடா. தேதி, நேரம், கையெழுத்து. ரொட்டி சுட நான்கு நிமிஷம், கழுவ நாற்பது நிமிஷம்.

அதுவரை அக்காவுக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்து நான்கு வருஷமும் ஆஸ்பத்திரி கேன்டீன் சாப்பாடு. அந்தக் கை ரொட்டிக்கு நடுவில் சீஸும் தக்காளியும் காளானும் வைத்துச் சுட்டுக் கொடுத்தபோது, சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி மிளகு தூவிச் சுட்டார். கோழியை எலும்பில்லாமல் தட்டையாக்கிச் சுட்டார். ஓரம் கருகாமல், நடுவில் பச்சை இல்லாமல், கோடு கோடாக. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட வந்தது. இருபது வருஷமாகச் சமைக்கிற என் கையில் ஒரு நாளும் இவ்வளவு நேரான கோடு விழுந்ததில்லை.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வீட்டு மாடி அறை காலியானது.

கணக்கு டீச்சர் அடுத்த தெருவில் தனியாக இருக்கிறவர். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம் ஆகியும் மார்க் போடுவதை விடவில்லை. மாடியில் ஓர் அறை, ஒரு குளியலறை, சுவரோரம் ஒரு கல் மேடை, அதன் மேலே ஒரு பிளக். அவ்வளவுதான். அந்த அறை கேட்டு வந்தவர்களில் ஏழு பேரை ஃபெயிலாக்கி அனுப்பியிருந்தார். அவருடைய நிபந்தனை இது: அடுப்பு கூடாது, புகை கூடாது, வெள்ளைச் சுவரில் ஒரு பொட்டு எண்ணெய் படக் கூடாது. முன்பு இருந்தவர் பொரித்துப் பொரித்துச் சுவரை மஞ்சளாக்கிவிட்டுப் போய்விட்டாராம்.

"அங்க போகட்டுமா தம்பி?" என்று அக்கா ஒரு சாயங்காலம் கேட்டார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏங்க்கா? இந்த வீட்ல இல்லாதது அங்க என்ன இருக்கு?"

"கதவு."

அக்காவே சொன்னார். "ஹாஸ்டல்ல எட்டு பேருக்கு ஒரு கதவு. குவார்ட்டர்ஸ்ல மூணு பேருக்கு ஒண்ணு. யாராவது ஒருத்தி ட்யூட்டில இருப்பா, அவ வரணுமேன்னு தாழ்ப்பாளே போடமாட்டோம். இங்க ஹாலுக்குக் கதவே இல்ல. உங்களைக் குறை சொல்லல தம்பி. உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கினா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும். வேற ஒண்ணும் இல்ல."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பு போய்விட்டது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அன்று பெரிதாகத் தெரிந்தது என் சமையலறைதான். அக்காவுக்கு ஒரு கதவு வேண்டும், எனக்கு என் உப்பு டப்பா வேண்டும். இரண்டும் டீச்சர் கையிலிருந்த ஒரே சாவியில் இருந்தன.

டீச்சரிடம் போய்ப் பேசினோம். கிரில் என்றதும் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வாயால சொன்னா ஆச்சா? சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கொண்டு வாங்க. அந்த ரூம்லயே வெச்சு, என் கண் முன்னால சுட்டுக் காட்டுங்க. புகை வந்துச்சுன்னா கிடையாது."

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா கிரில்லைத் தேய்த்தார். பிரசவத்துக்கு நாள் குறித்தவளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொண்டார். நான் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, கீல் கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கு. உன் எண்ணெய் ரெண்டு சொட்டு எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கங்க அக்கா" என்றேன். எந்தக் கீல், எதற்கு என்று தலையைத் தூக்கிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏதோ அலமாரிக் கதவு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. டீச்சர் வீட்டு மாடி. டீச்சர் நாற்காலியை வெள்ளைச் சுவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கிரில்லை மேடைமேல் வைத்து, டீச்சருக்கு நாடாவைக் காட்டி, பிரித்து, பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ரொட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். மொத்தம் ஆறு. பச்சை விளக்கு வருவதற்கு முன்பே, பின்பக்கம், மூடி இணைகிற இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

எனக்குப் புகையைவிட அந்த வாசனைதான் உடனே உறைத்தது. ஒரே நாளில் முப்பது திரைச்சீலை தைத்தால் என் மெஷினிலிருந்து வருமே, அதே சூடான எண்ணெய் வாசனை. அக்காவுக்கு அது எட்டவே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் கிருமிநாசினியை முகர்ந்து முகர்ந்து அந்த மூக்கு எப்போதோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கண்ணோ டைமரில் இருந்தது. நான் ஓர் எட்டு வைத்துப் போய் கிரில்லுக்கும் டீச்சருக்கும் நடுவில் நின்றுகொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

"என்ன வாடை அது?" என்றார் டீச்சர்.

"கீழ பைக் ஒர்க்‌ஷாப் இருக்குல்ல டீச்சர், அங்கேருந்து வருது."

"ஆமா. அந்தத் தடியன் எப்பவும் இப்படித்தான்."

புகை அதற்குள் நின்றுவிட்டது. ரொட்டி தயாரானது. டீச்சர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கோடுகளை எண்ணினார் என்றே நினைக்கிறேன். சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து போய்ச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். "பாஸ்" என்றார். "திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்கோங்க."

அக்காவும் நானும் ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். மீதி இரண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கினோம். தெருவில் நடக்கும்போது அக்காவின் நடையே வேறாக இருந்தது. "அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தியாம்மா? பித்தளை" என்றார். எனக்கும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தேனா? இல்லை. என் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"நல்லவேளை அக்கா, நான் இருந்தேன். கீல்லேருந்து புகை வந்துச்சு, நீங்க கவனிக்கவே இல்ல. என் மெஷின் எண்ணெய் வாசனைதான், எனக்குத் தெரியாதா? ஒர்க்‌ஷாப் தலையில போட்டுச் சமாளிச்சுட்டேன்."

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"மெஷின் எண்ணெயா புகைஞ்சுது?"

"ரெண்டு சொட்டுதானே அக்கா. எரிஞ்சு போயிருக்கும்."

"ஆஸ்பத்திரியில கழுவி முடிச்சதும் கீலுக்கு எண்ணெய் விடணும். அங்க அதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, பால் மாதிரி வெள்ளையா இருக்கும். கை பழக்கம். இங்க அது இல்லையேன்னு உன்னோடத எடுத்துட்டேன்." பேசிக்கொண்டே டப்பாவைத் திறந்து இரண்டு ரொட்டியையும் பார்த்தார். "கீழ் தகடு சாய்வா இருக்கு. கீல்லேருந்து வழிஞ்சா நேரா ரொட்டிக்குத்தான் வரும். ஆறு போச்சு. டீச்சர் ரெண்டு, நீ ஒண்ணு, நான் ஒண்ணு, கையில ரெண்டு. போய்ச் சொல்லணும்."

"என்னது?"

"தப்பான பொட்டலம் வெளிய போயிட்டா, போன இடத்துக்கெல்லாம் ஆள் போய்ச் சொல்லணும். திரும்ப வாங்கணும். அதான் முறை."

"அக்கா, அவங்க தின்னாச்சு! எதைத் திரும்ப வாங்கப் போறீங்க?"

அக்கா ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினேன். கையில் கிரில் வேறு.

டீச்சர் கதவைத் திறந்தார். அக்கா ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் விட்டது தான்தான், புகை வந்தது கிரில்லிலிருந்துதான், கலந்ததோ இல்லையோ தெரியாது, கலந்திருந்தாலும் ஒரு சொட்டுக்குக் குறைவுதான், ஆனாலும் டீச்சர் தெரிந்துகொண்டாக வேண்டும். ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியவளைப் பார்க்கிற பார்வை. நான் கிரில்லின் பிளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க டீச்சர்? பதினொண்ணு இருபதா?" அக்கா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவிட்டார். "நெஞ்செரிச்சல் இருக்கா? குமட்டல்? நிறைய தண்ணி குடிங்க. மூணு நாளைக்குக் காலையிலயும் சாயங்காலமும் வந்து பாக்கணும்."

"ஒண்ணும் பாக்க வேணாம். சாவி விஷயம் அப்புறம் பேசிக்கலாம்" என்று டீச்சர் கதவைச் சாத்தினார். அவருடைய அப்புறம் என்றால் என்ன என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

வழியெல்லாம் நான் அக்காவைத் திட்டினேன். மறைப்பானேன், நன்றாகவே திட்டினேன். "கையில வந்த சாவி அக்கா! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? அவங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உங்களுக்குத்தான் எல்லாம் போச்சு."

"இருந்திருக்கலாம்" என்றார் அக்கா. ஒரு பத்து அடி நடந்தபின், "அப்புறம் அந்த ரூம்ல தாழ்ப்பாள் போட்டாலும் தூக்கம் வராதும்மா" என்றார்.

அக்காமேல் இருந்த கோபம் என்மேல் திரும்பியது. எந்தக் கீல் என்று கேட்க வாயைத் திறந்திருக்க வேண்டிய இடத்தில் திறக்காதவள் நான். மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்தவள் நான்.

அன்று மதியமே கிரில் வைத்தியம் தொடங்கியது. காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் கீலின் சந்தில் விட்டு எடுத்தார் அக்கா. முதல் குச்சி மஞ்சளாக வந்தது. பத்தாவது குச்சி கொஞ்சம் வெளுத்தது. இருபத்திரண்டாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. நன்றாகக் காயவிட்டு, பால்கனியில் வைத்துக் காலியாகச் சூடாக்கினார். ஆறவிட்டு, துடைத்து, மறுபடி சூடாக்கினார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவார். "உன் மூக்கைக் கொஞ்சம் கொண்டு வாம்மா." நான் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைக் கொண்டுபோவேன். "இன்னும் லேசா இருக்கு அக்கா." மறுபடியும் குச்சி. ஆறாவது சூட்டில் வாசனை இல்லை. "உறுதியா?" "உறுதி அக்கா." ஏழாவது தடவையும் சூடாக்கினார். நாடா ஒட்டித் தேதி எழுதினார். கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்து, "முகர்ந்தவங்க கையெழுத்தும் வேணும்" என்றார். போட்டேன். என் வாழ்க்கையில் மூக்குக்காகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

டீச்சர் வேண்டாம் என்று சொன்னது அக்காவின் காதில் ஏறவே இல்லை. அன்று சாயங்காலமே மூன்று மாடி இறங்கி, அடுத்த தெருவுக்குப் போய், மணி அடித்துக் கேட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போனார். டீச்சர் கதவைத் திறக்கும்போதே, "உயிரோடதான் இருக்கேன்" என்றாராம். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் போனபோது, வயிறு சரியாகப் போயிற்றா, எத்தனை தடவை, எந்த மாதிரி என்று கேட்டிருக்கிறார். டீச்சர் முதலில் சிவந்து போனாராம். பிறகு பதில் சொன்னாராம். திங்கட்கிழமை காலையில் டீச்சரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம், "அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றாராம். இதெல்லாம் அக்கா வந்து சொன்னது. சாவியைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீச்சரும் எடுக்கவில்லை.

எனக்கும் அதே கேள்விகள் தினம் இரண்டு வேளை நடந்தன. நானும் ஒரு ரொட்டி சாப்பிட்டவள் இல்லையா? அக்கா தன்னையும் விடவில்லை. நோட்டில் மூன்றாவது பெயர் அவருடையதுதான். தானே கேட்டு, தானே யோசித்து, தானே பதில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசித் தடவை. நானும் கூடப் போனேன். ஒர்க்‌ஷாப்காரர்மேல் போட்ட பழி மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எழுந்து நின்று, "டீச்சர், நான்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றேன். வகுப்பில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"தெரியும். உக்காரு" என்றார் டீச்சர். அவ்வளவுதான் தண்டனை.

அக்கா கேள்விகளை முடித்தார். நோட்டின் அடியில் ஒரு கோடு போட்டு மூடினார். "இன்னையோட முடிஞ்சுது டீச்சர். உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இனிமே வந்து தொந்தரவு பண்ணமாட்டேன்."

டீச்சர் மேஜை விரிப்பைச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"மூணு நாள்தானா?"

"மூணு நாள்தான் கணக்கு."

"என் பையன் வெளியூர்ல இருக்கான். மாசம் ஒரு தடவை போன் பண்ணுவான். எப்படி இருக்கேன்னு கேப்பான், நான் பதில் சொல்றதுக்குள்ள வேற ஏதாவது பேச ஆரம்பிச்சிடுவான்." டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாம் நாள் எனக்கு ஏதாவது ஆனா யாரு கேப்பா?"

அக்காவுக்கு இது நிஜமான கேள்வியாகவே பட்டது. "அது முறையில இல்லையே டீச்சர்" என்று யோசனையோடு சொன்னார்.

"முறையில சேத்துக்கோங்க. மூணு மாடி இறங்கி, தெரு தாண்டி, நீங்க ஏன் நடக்கணும்? மாடியிலேருந்து பதினாலு படி. எண்ணியிருக்கேன்." அலமாரியைத் திறந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஆனா என் வீட்ல எண்ணெய்ப் புட்டி இருக்கக் கூடாது. எந்த எண்ணெயும்."

அக்கா சாவியை எடுக்கவில்லை. முதலில் கைக்குட்டையை எடுத்தார். சாவியைத் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். ஒருவழிப் பாதைச் சட்டப்படி பார்த்தால் அது தவறான வரிசை, நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை குடிபோனார். இரண்டு பை, ஒரு கிரில். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கி வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். அன்று அவருக்கு விடுமுறை. அக்கா கிரில்லை மேடைமேல் வைத்து, நாடாவைப் பிரித்து, எனக்கு ஒரு ரொட்டி சுட்டுத் தந்தார். "உக்காரும்மா. என் வீட்டுக்கு வந்திருக்கே" என்றார். புகை இல்லை. வாசனை, ரொட்டி வாசனைதான். சாப்பிட்டு எழுந்தபோது தட்டை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல்தான்.

"இங்க ஒரே வழிதாம்மா" என்றார் அக்கா சங்கடத்தோடு. "என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்."

நான் விடைபெற்று இறங்கினேன். ஏழாவது படியில் இருக்கும்போது மேலே பித்தளைத் தாழ்ப்பாள் விழுந்தது. கிறீச் என்று ஒரு சத்தம். மறுபடியும் திறந்தது. மறுபடியும் விழுந்தது. சரியாக விழுகிறதா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது, மூன்றாவது தடவையும் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் சமையலறை எனக்குத் திரும்பிவிட்டது, என் உப்பு டப்பா எனக்குத் திரும்பிவிட்டது, நான் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

கீழே டீச்சர் தன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"அந்தத் தாழ்ப்பாள் கத்துதே" என்றார். "உன்கிட்ட மெஷின் எண்ணெய் இருக்கும்ல? நாளைக்கு ரெண்டு சொட்டு கொண்டு வா."